முதல் சொல்லுக்கு முன்னே

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதவாக்கில் காது கேட்கத் தொடங்குகிறது. உட்செவியிலுள்ள நத்தைச்சுருள் என்னும் உறுப்பு 24, 25 வாரங்களில் வேலைக்கு வந்துவிடும். அதன்பின் வெளியே பலத்த ஓசை எழுந்தால் கரு திடுக்கிட்டு அசைவதை ஸ்கேனில் பார்க்கலாம். ஆனால் உள்ளே போய்ச் சேரும் ஓசை தெளிவாக இருப்பதில்லை. வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் கூர்மையான ஒலிகளை வடிகட்டிவிட, பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் மிஞ்சும். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியே கேட்பது போலத்தான்: பேசுவது யார், கோபமா கெஞ்சலா என்று தெரியும், என்ன பேச்சு என்று தெரியாது. தாயின் குரலுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. அது அவள் உடம்பின் வழியாகவே உள்ளே இறங்குகிறது.

இப்படிக் கேட்டது பிறந்த பிறகு நினைவில் இருக்குமா? அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆந்தணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1980இல் வெளியிட்டார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் கருவியோடு இணைத்த ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். சப்பும்போது குழந்தை விடும் இடைவெளி ஒரு விதமாக இருந்தால் சொந்தத் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாக இருந்தால் யாரோ ஒரு பெண்ணின் குரல். பெரும்பாலான குழந்தைகள் தாயின் குரல் வரும்படியே சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டன. 1986இல் டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் இன்னும் ஒரு படி போனார்கள். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்கள் தாய்மார்கள் ஒரே சிறுவர் கதையைத் தினமும் வாய்விட்டுப் படித்தார்கள். பிறந்த குழந்தைகள், வேறொரு பெண் படித்தாலும் அந்தக் கதையையே விரும்பிக் கேட்டன. கதை புரிந்ததால் அல்ல, அதன் தாளம் பழகியிருந்ததால். 2009இல் ஜெர்மனியின் காத்லீன் வெர்ம்கே குழுவினர் பிறந்த சில நாள் குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்ந்து தொடங்கி உயர்ந்தது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கித் தாழ்ந்தது. இரு மொழிகளின் பேச்சோசையும் பொதுவாக அப்படித்தான் போகும்.

இதை வைத்துக்கொண்டு வயிற்றில் ஹெட்போன் கட்டச் சொல்லும் வியாபாரமும் நடக்கிறது. அதற்கு இந்த ஆய்வுகள் எந்த ஆதரவும் தரவில்லை. கர்ப்பிணி வழக்கம்போல நாலு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாலே கருவுக்கு வேண்டிய அளவு பேச்சு கிடைத்துவிடும்.

பிறந்த குழந்தையிடம் உள்ள ஒரே கருவி அழுகை. பசி, வலி, தூக்கம், ஈரத் துணி எல்லாவற்றுக்கும் அதுதான். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிப்பு வருகிறது. தூக்கத்தில் தானாக வந்துபோகும் புன்னகை வேறு, இது வேறு. இது ஆளைப் பார்த்து வரும் சிரிப்பு. இரண்டு, மூன்று மாதத்தில் ‘ங்கா’, ‘ஆகூ’ போன்ற ஒலிகள் வருகின்றன. தமிழ் வீடுகளில் “ங்கா சொல்லு, ங்கா சொல்லு” என்று கொஞ்சுவது இந்தச் சமயத்தில்தான். அந்த ஒலி ஏன் முதலில் வருகிறது என்பதற்கு உடற்கூற்றில் காரணம் உண்டு. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் நாக்கு பின்பக்கம் சரிந்து, அதன் அடிப்பகுதி மென்மையான அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மூச்சு வெளியேறினால் க, ங போன்ற ஒலிகளே எளிதில் பிறக்கும். குரல்வளையும் அந்த வயதில் தொண்டையில் மிக மேலே இருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அது கீழிறங்கி, வாய்க்குள் நாக்கு அசைய இடம் விடுகிறது.

ஒலியைவிட முக்கியமானது அதைச் சுற்றி நடக்கும் விஷயம். குழந்தை ‘ங்கா’ என்கிறது. தாய் “ஓ, அப்படியா சொல்றே? பசிக்குதா என் தங்கத்துக்கு?” என்கிறாள். பிறகு சற்று நிறுத்துகிறாள். அந்த இடைவெளியில் குழந்தை மறுபடி ஏதோ சொல்கிறது. ஒருவர் பேச ஒருவர் கேட்கும் முறை, ஒரு சொல்கூட இல்லாமல், மூன்றாம் மாதத்திலேயே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. மேரி கேத்தரின் பேட்சன் 1970களில் இதை உரையாடலின் முன்வடிவம் என்று விவரித்தார்.

இந்த முறை தடைபட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் ஓர் எளிய சோதனையில் காட்டினார். தாய் முதலில் குழந்தையோடு வழக்கம்போல விளையாடுகிறாள். பிறகு முகத்தைத் திருப்பி, மீண்டும் பார்க்கும்போது எந்த உணர்ச்சியும் காட்டாமல் இரண்டு, மூன்று நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. முதலில் சிரித்துப் பார்க்கிறது. குரல் கொடுக்கிறது. கையை நீட்டி, உடம்பை முன்னால் தள்ளிப் பார்க்கிறது. ஒன்றும் பலிக்காதபோது தலையைத் திருப்பிக்கொள்கிறது, உடம்பு தளர்கிறது, அழுகை வெடிக்கிறது. தாய் பழையபடி சிரித்துப் பேசத் தொடங்கியதும் சற்று நேரத்தில் தேறிவிடுகிறது. இதைப் படிக்கிற தாய்மார்கள் அடுப்பு வேலையில் குழந்தையைக் கவனிக்காமல் போன நிமிடங்களை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. இயல்பான தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஒத்திசைவு இருப்பதில்லை என்று ட்ரானிக்கே கண்டார். குழந்தைக்குத் தேவைப்படுவது விட்ட இழை மறுபடி சேர்வதுதான். அது சேராமலே வாரக்கணக்கில் நீளும் நிலை, பேறுகாலத்துக்குப் பிறகு தாய்க்கு மனச்சோர்வு வரும்போது ஏற்படலாம். அப்போது சிகிச்சை தேவைப்படுவது முதலில் தாய்க்கு. அதை ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பாள்’ என்று வீடு தள்ளிப்போடுவது இருவருக்கும் கேடு.

இதற்கிடையே குழந்தையின் காது வேறொரு வேலையில் மும்முரமாக இருக்கிறது. பிறக்கும்போது அது எந்த மொழிக்கும் சொந்தமில்லை. உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை அது பிரித்துக் கேட்கும். ஒரு மாதக் குழந்தைக்கே ‘ப’ ஒலிக்கும், குரல் அதிரச் சொல்லும் ‘ப’ (b) ஒலிக்கும் வேறுபாடு தெரிகிறது என்று 1971இல் பீட்டர் ஐமாஸ் காட்டினார். அடுத்து வந்த ஆய்வு தமிழர்களுக்குத் தனிச் சுவை தருவது. கனடாவின் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் இந்தி மொழியின் ‘த’, ‘ட’ ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். பத்து, பட்டு என்று தமிழில் சொல்லையே மாற்றிவிடும் வேறுபாடு இது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் எளிதாகப் பிரித்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனபோது அதே குழந்தைகளின் திறன் பெரும்பாலும் மறைந்திருந்தது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அது அப்படியே இருந்தது. 1984இல் வெளிவந்த இந்த ஆய்வு குழந்தை மொழி ஆராய்ச்சியின் திசையையே மாற்றியது.

இதில் இழப்பு ஒன்றுமில்லை. வீட்டு மொழிக்குத் தேவைப்படும் ஒலிகளில் காது கூர்மை பெறும்போது தேவைப்படாதவை மங்குகின்றன. தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவர் இந்தியில் மூச்சை அழுத்திச் சொல்லும் ‘க’வில் தடுமாறுவதும், இந்திக்காரர் ‘ழ’வில் தடுமாறுவதும் இந்த முதல் ஆண்டின் கணக்கிலிருந்து வருபவை.

மூடத் தொடங்கும் இந்தக் கதவைத் திறந்து வைக்க முடியுமா என்று அமெரிக்காவின் சியாட்டலில் பட்ரீஷியா குல் பார்த்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்து, சீன மொழி பேசும் ஒருவர் பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். அதன்பின் அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைச் சீன மொழி கேட்டே வளரும் குழந்தைகளைப் போலப் பிரித்தறிந்தன. அதே ஆள், அதே பேச்சு, அதே பொம்மை. ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களுக்கும் அப்படியே. ஒலி போதவில்லை, எதிரில் ஆள் வேண்டியிருந்தது. 2003இல் வந்த இந்த முடிவின் பொருளைச் செல்போன் காலத்து வீடுகள் இன்னும் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

ஒலியிலிருந்து சொல்லுக்குப் போவது அடுத்த சிக்கல். அச்சில் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம், பேச்சில் விடுவதில்லை. ‘அங்கேயேஉக்காந்துட்டான்பாரு’ என்று ஒரே மூச்சில் வருவதைக் குழந்தை எங்கே வெட்டும்? ஜென்னி சாஃப்ரானும் சகாக்களும் 1996இல் அதற்கு விடை கண்டார்கள். பொருளில்லாத அசைகளைக் கோத்த தொடர் ஒலியை எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் கேட்க விட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்ற கணக்கை மட்டும் வைத்துக் குழந்தைகள் ‘சொற்களை’ அடையாளம் கண்டுவிட்டன. கணக்கு வாத்தியார் யாரும் சொல்லித்தராத கணக்கு. ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் உணவுப் பொருள், உடலுறுப்பு போன்ற சில பொதுச் சொற்களின் பொருளும் பிடிபடத் தொடங்கிவிடுகிறது என்பதை எலிகா பெர்கல்சன், டேனியல் ஸ்விங்லி ஆய்வு (2012) காட்டியது. வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குப் பல மாதம் முன்பே இது நடக்கிறது.

ஆறு, ஏழு மாதத்தில் வாயும் சுறுசுறுப்பாகிறது. பாபாபா, தாதாதா, மாமாமா என்று அடுக்கிச் சொல்லும் மழலை வருகிறது. உதடு மூடித் திறப்பது குழந்தைக்கு எளிது; அதனால்தான் உலகின் பல மொழிகளில் தாய்க்கும் தந்தைக்கும் ம, ப ஒலிகளில் பெயர் இருக்கிறது. குழந்தை ‘மாமாமா’ என்றதும் தாய்மாமன் பெருமைப்படுவது நியாயந்தான், ஆனால் அந்த மாதத்தில் குழந்தைக்கு அவரைப் பற்றிய எண்ணம் ஏதும் இல்லை. பொருளைக் கொடுப்பது கேட்பவர்கள். “மாமாவா? இதோ மாமா!” என்று நாலு முறை பதில் வந்தபின்தான் ஒலியும் ஆளும் ஒட்டிக்கொள்கின்றன.

மழலையின் தரத்தையே பதில் மாற்றும் என்பதை மைக்கேல் கோல்ட்ஸ்டைன் 2003இல் காட்டினார். குழந்தை ஒலியெழுப்பியவுடன் தாய் சிரிக்கவும் தொடவும் செய்தபோது குழந்தைகளின் ஒலிகள் பேச்சுக்கு நெருக்கமான வடிவத்துக்கு மாறின. இன்னொரு குழுத் தாய்மார்களும் அதே அளவு சிரித்துத் தொட்டார்கள், ஆனால் குழந்தை ஒலித்த நேரத்துக்குச் சம்பந்தமில்லாமல். அந்தக் குழுவில் மாற்றம் ஏற்படவில்லை. அன்பின் அளவு ஒன்றுதான். வேறுபட்டது, அது பதிலாக வந்ததா என்பது மட்டும்.

காது கேளாத குழந்தைகளும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ங்கா’ சொல்கின்றன. இதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுக்குமழலை வரவேண்டிய பருவத்தில்தான் பிசகு தெரிகிறது. அது மிகவும் தாமதிக்கிறது. சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் அதே வயதில் கைகளால் மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோ 1991இல் பதிவுசெய்தார். வாய்க்குப் பதில் விரல்கள் அசைகளை அடுக்கிப் பார்க்கின்றன. மொழி வரும் வழி குரல் ஒன்றுதான் என்ற எண்ணத்தை அந்த விரல்கள் உடைத்தன.

ஒன்பதிலிருந்து பதினைந்து மாதம் வரையுள்ள காலம் இந்தக் கதையின் நடுப்பகுதி. அதுவரை குழந்தை ஆளைப் பார்க்கும், அல்லது பொருளைப் பார்க்கும். இப்போது பொருளைக் காட்டிவிட்டு ஆள் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு இதைக் காணலாம். இடுப்பிலிருக்கும் குழந்தை சோற்றை மறந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த காக்கையைப் பார்த்து ஆட்காட்டி விரலை நீட்டுகிறது. உடனே பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. “காக்காவா? ஆமா, காக்கா! கா கான்னு கூப்பிடு, வருமா பாப்போம்” என்று பாட்டி சொல்லும்போது வாய் திறக்கிறது, ஒரு கவளம் உள்ளே போகிறது. பாட்டிக்கு வேலை முடிந்தது. குழந்தைக்கு ஒரு சொல் கிடைத்தது.

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு என்று எலிசபெத் பேட்ஸ் 1970களில் பிரித்துக் காட்டினார். ‘அதை எடுத்துக் கொடு’ என்று கேட்பது ஒன்று. ‘அதைப் பாரேன்’ என்று பகிர்ந்துகொள்வது மற்றது. காக்கையைக் காட்டும் குழந்தைக்குக் காக்கை வேண்டியதில்லை. பாட்டியும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் அது சீக்கிரம் பதிகிறது என்றும், குழந்தையின் கவனத்தை வேறு பக்கம் இழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அவ்வளவாகப் பதிவதில்லை என்றும் மைக்கேல் டொமசெல்லோவின் ஆய்வுகள் சொல்கின்றன. படம் போட்ட அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து ‘ஆப்பிள் சொல்லு’ என்று வாட்டுவதைவிட, குழந்தை பார்க்கும் திசையில் தானும் பார்ப்பது நல்ல பாடம்.

தமிழ் மரபு இந்தப் பருவங்களைக் கவனித்து வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை மூன்றாம் மாதம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பருவங்களைப் பாடுகிறது. மாதக்கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறும். ஐந்தாம் மாதச் செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. ஒன்பதில் சப்பாணி கொட்டுகிறது. ஓராண்டையொட்டி வருகைப் பருவத்தில் தளர்நடை. பதினைந்தில் அம்புலி, நிலவைக் காட்டி விளையாட அழைப்பது. இன்று கிடைக்கும் தனி நூல்களில் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். பாடப்பட்டவர்கள் அரசர்களும் தெய்வங்களும் என்றாலும் பார்த்து எழுதியது வீட்டுக் குழந்தையைத்தான். இன்றைய மருத்துவர் கையிலுள்ள வளர்ச்சி அட்டவணையிலும் ஒன்பது மாதத்துக்குக் கைதட்டலும் ஓராண்டையொட்டி நடையும் சுட்டிக்காட்டலும் இருக்கின்றன. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை மடக்கி, நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் அது பழக்குகிறது.

முதல் சொல் பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து மாதத்துக்குள் வருகிறது. ஒன்றரை வயதில் சில குழந்தைகள் பத்துச் சொல் சொல்லும், சில நூறு சொல்லும், இரண்டும் இயல்பே. புரிந்துகொள்ளும் சொற்கள் எப்போதும் இதைவிடப் பல மடங்கு அதிகம். தெருவில் போகும் ஆடும் மாடும் கொஞ்ச நாளைக்கு ‘நாய்’தான். இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ ஐம்பது சொல் சேர்ந்து, ‘அப்பா இல்ல’, ‘இன்னும் வேணும்’, ‘பாப்பா மம்மு’ என்று இரண்டிரண்டாகக் கோக்கத் தொடங்குகின்றன. ‘வேணாம்’ என்ற சொல்லுக்கு எந்த வீட்டிலும் பஞ்சமிருக்காது. ர, ற, ள, ழ ஒலிகள் திருந்த இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ‘ரயில்’ ‘லயில்’ ஆவதும் ‘பழம்’ ‘பயம்’ ஆவதும் மூன்று வயதில் குறையல்ல.

‘மம்மு’, ‘தாச்சி’, ‘ஜோஜோ’, ‘உவ்வா’ என்று குழந்தைத்தமிழ் பேசினால் பேச்சு கெட்டுப்போகும் என்று சிலர் தடுக்கிறார்கள். குரலை உயர்த்தி, இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு பேசும் பாணியைக் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்று ஆன் ஃபெர்னால்ட் 1985இலேயே காட்டிவிட்டார். அதே சமயம் அது இல்லாவிட்டால் பேச்சே வராது என்பதும் உண்மையல்ல. பாப்புவா நியூ கினியின் கலூலி மக்கள் பச்சைக் குழந்தையோடு இப்படிக் கொஞ்சிப் பேசுவதில்லை. குழந்தையை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதன் சார்பில் தாயே மற்றவர்களிடம் பேசுவாள். பாம்பி ஷீஃபலினும் எலினார் ஓக்ஸும் 1980களில் இதை எழுதினார்கள். கலூலிக் குழந்தைகளும் உரிய காலத்தில் பேசத்தான் செய்கின்றன. எந்த ஒரு நாட்டு வளர்ப்பு முறையையும் இதுதான் வழி என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்ற பயமும் வேண்டாம். இருமொழி வீட்டில் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் கணக்குச் சரியாகவே வரும். கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்று, தமக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் ‘கம் பேபி, ஈட் பேபி’ என்று பேசி நிறுத்திக்கொள்ளும் வீடுகளில் பேச்சே சுருங்கிவிடுகிறது. பெற்றோருக்குக் கதை சொல்லவும் கேலி செய்யவும் கோபப்படவும் எந்த மொழி வருமோ அந்த மொழியே குழந்தைக்கு நல்லது.

திரை விஷயத்தில் ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. டிமிட்ரி கிறிஸ்டகிஸ் குழுவினர் 2009இல் குழந்தைகளின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி பொருத்திப் பார்த்தபோது, தொலைக்காட்சி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்கள் வாயிலிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் ஏறக்குறைய 770 குறைந்தன. குழந்தை திரையைப் பார்க்கிறதா என்பது பாதிக் கேள்வி. திரை ஓடும்போது வீட்டில் யார் பேசுகிறார்கள் என்பதே மீதி. சொல் கற்றுத்தரும் வீடியோக்களை நான்கு வாரம் பார்த்த ஓராண்டு, ஒன்றரையாண்டுக் குழந்தைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாக எதையும் கற்கவில்லை என்று ஜூடி டிலோச் 2010இல் கண்டார். வீடியோ இல்லாமல் பெற்றோரே கற்றுக்கொடுத்த குழந்தைகள்தான் முந்தின. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது; உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்கும் ஆதாரம் உண்டு. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள், திரையில் வருபவர் தம்மைப் பார்த்து, தம் பேச்சுக்குப் பதில் சொன்னால் புதுச் சொல்லைக் கற்றார்கள்; அதே ஆளின் பதிவுசெய்த காட்சியிலிருந்து கற்கவில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இரவில் அழைத்து “இன்னைக்கு என்ன சாப்பிட்ட?” என்று கேட்கும் அப்பாவின் பேச்சு வீண்போவதில்லை.

பதில் கிடைக்காத குழந்தைப்பருவம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ருமேனியா கொடுமையான சான்று. கைவிடப்பட்ட குழந்தைகளை வரிசைக் கட்டில்களில் போட்டு வளர்த்த அந்நாட்டு இல்லங்களில் 136 குழந்தைகளை வைத்து 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பதினைந்து மாதத்துக்குள் குடும்பம் கிடைத்த குழந்தைகளின் மொழி, பிறந்ததிலிருந்து குடும்பத்தில் வளர்ந்த குழந்தைகளுக்கு இணையாகத் தேறியது. இரண்டு வயதுக்குப் பிறகு போனவர்களின் மொழியில் இல்லத்திலேயே இருந்தவர்களைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. ஜமைக்காவில் நடந்தது நம்பிக்கை தருவது. சாலி கிராந்தம் மெக்ரெகர் 1980களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை போய், காலி டப்பாவிலும் துணியிலும் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தியாவில் அங்கன்வாடி 1975லிருந்து இருக்கிறது. சத்துமாவும் எடைத்தராசும் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் வீட்டில் பேச்சும் விளையாட்டும் நடக்கிறதா என்று கேட்பது இன்னும் அந்த அளவுக்கு வழக்கமாகவில்லை.

பேச்சு தாமதமானால் வீடுகளில் என்ன நடக்கிறது? ‘அவங்கப்பாவும் மூணு வயசிலதான் பேசினான்’ என்பார்கள். ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்பார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பார்கள். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகும் என்பார்கள். ஆண் குழந்தைகள் சராசரியாகப் பின்தங்குவது உண்மை, ஆனால் அது ஓரிரு மாதங்களே. நாக்கு ஒட்டியிருப்பதால் சில ஒலிகள் பிசகலாம். பேச்சே வராமல் போவதில்லை. இரண்டு வயதில் பின்தங்கும் குழந்தைகளில் பலர் தாமாகவே தேறிவிடுவதும் உண்மைதான். சிக்கல் என்னவென்றால், யார் தேறுவார்கள், யாருக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது. முதலில் பார்க்க வேண்டியது நாக்கை அல்ல, காதை.

பிறவியிலேயே காது கேளாமை ஆயிரத்தில் சில குழந்தைகளுக்கு இருக்கிறது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் அது கூடுதல். தாய்மாமன், அத்தை பிள்ளை என்று மணவுறவு தொடரும் தமிழகத்தில் இதைக் கூச்சமில்லாமல் பேசியாக வேண்டும். உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைப் பொருத்திச் சில நிமிடங்களில் செய்யும் சோதனை போதும், வலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் காது கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்ற வரிசை. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததை கிறிஸ்டின் யோஷினாகா இடானோ 1998இல் காட்டினார். கருவியால் பயனில்லாதவர்களுக்கு உள்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி உண்டு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

காது நன்றாக இருந்தும் ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றேகால் வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காத குழந்தை, பேசிக்கொண்டிருந்த சொற்களைத் திடீரென இழந்த குழந்தை ஆகியோரைக் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். சந்தேகம் வந்த வாரத்திலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.